சின்னக் காருக்குள் நூறு குதிரைகள்! சக்தியைக் கூட்டும் மூன்று படிகள்

ஓசூர் என்றதும் சிலருக்கு ரோஜாப் பூ நினைவுக்கு வரும். கிருஷ்ணகிரி என்றதும் மாம்பழம் நினைவுக்கு வரும். ஆனால் இந்த வட்டாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அது மோட்டார் முகம்!

அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலை 1980-ல் ஓசூரில் தொடங்கியது. அதே ஆண்டில் டிவிஎஸ் 50 என்ற சின்ன வண்டியும் ஓசூரில் இருந்து புறப்பட்டது. இரண்டு பேர் ஏறிப் போகக்கூடிய அந்த மொபெட் நாடு முழுவதும் ஓடியது. சிப்காட் பேட்டையைச் சுற்றி நட்டு, போல்ட், கியர், பிஸ்டன் என்று கடைசல் வேலை செய்யும் பட்டறைகள் பெருகின. இங்குள்ள பிள்ளைகள் இஞ்சின் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

எல்லையைத் தாண்டினால் பெங்களூர். சுமார் 40 கிலோ மீட்டர்தான். நடுவே அகலமான தேசிய நெடுஞ்சாலை. கையில் சம்பளம், வாசலில் கார், எதிரே நீண்ட சாலை! "இந்தக் கார் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன?" என்ற ஆசை இளைஞர்களுக்கு வருவதில் வியப்பு இல்லை.

அந்த ஆசையைத் தீர்த்து வைப்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. காரின் இஞ்சினைத் திருத்தி, அதன் சக்தியைப் படிப்படியாகக் கூட்டும் தொழில். அதை "டியூனிங்" என்கிறார்கள். அது எப்படி நடக்கிறது? அதில் லாபம் என்ன? ஆபத்து என்ன? வீட்டில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

காரமான சின்னக் கார்

பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சின்னக் காருக்கு "ஹாட்ச்பேக்" என்று பெயர். நம் ஊரில் அதிகமாக ஓடுவது இந்த வகைதான். கடைக்குப் போகலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடலாம். இந்தச் சாதுவான காருக்குள் பெரிய சக்தி உள்ள இஞ்சினை வைத்தால் அது "ஹாட் ஹாட்ச்". மிளகாய் சின்னதாக இருந்தாலும் காரம் பெரிது அல்லவா? அதுபோல!

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 1976-ல் கோல்ஃப் ஜிடிஐ என்ற காரை விற்பனைக்கு விட்டது. அதன் சக்தி 110 குதிரை. 5 ஆயிரம் கார் விற்றால் போதும் என்று முதலில் கணக்குப் போட்டார்கள். அந்த முதல் வடிவம் மட்டும் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் விற்றது! அதே பெயருள்ள கார் 2025-ல் இந்தியாவுக்கு வந்தபோது அதன் சக்தி 265 குதிரை.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட கார்கள் வந்தன. 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ 105 குதிரைச் சக்தி உள்ளது. 2015-ல் வந்த அபார்த் புன்டோ 145 குதிரைச் சக்தி உள்ளது. இரண்டும் இப்போது புதிதாக விற்பனையில் இல்லை. ஆனாலும் பழைய கார் சந்தையில் இளைஞர்கள் இவற்றைத் தேடி அலைகிறார்கள். காரணம், இவற்றுக்குள் இருக்கும் "டர்போ" என்ற கருவி.

டர்போ என்றால் என்ன?

அடுப்பு நன்றாக எரிய என்ன செய்வோம்? ஊதுவோம். கொல்லன் உலையில் துருத்தி வைத்து ஊதுகிறான். காற்று அதிகமானால் நெருப்பு அதிகமாகும். கார் இஞ்சினும் அப்படித்தான். 1 கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய 14 கிலோவுக்கு மேல் காற்று வேண்டும். ஆகவே இஞ்சினுக்குத் தேவை பெட்ரோலைவிடக் காற்றுத்தான்.

சாதாரண இஞ்சின் தானே மூச்சை இழுத்துக்கொள்கிறது. டர்போ இஞ்சினுக்கோ காற்று வலுவில் ஊட்டப்படுகிறது. எரிந்து முடிந்த புகை சைலன்சர் வழியாக வீணாகப் போகிறது அல்லவா? அந்தப் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். அதே அச்சில் மறுபக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போன புகையே வேலைக்காரன் ஆகிவிடுகிறது!

வீட்டு மின்விசிறி நிமிடத்துக்குச் சுமார் 350 தடவை சுற்றும். டர்போ சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றும். அதன்மேல் மோதும் புகையின் வெப்பம் 900 டிகிரியையும் தாண்டும்.

இந்த யோசனைக்கு 1905-ல் உரிமைப் பத்திரம் வாங்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு இஞ்சினீயர் ஆல்ஃபிரட் பியூஷி. முதலில் இது பெரிதும் உதவியது ஆகாய விமானங்களுக்கு. உயரே போகப் போகக் காற்று லேசாகும். இஞ்சினும் களைத்துப்போகும். 1918-ல் அமெரிக்க இஞ்சினீயர் சான்ஃபோர்டு மாஸ் ஒரு விமான இஞ்சினைப் பைக்ஸ் பீக் என்ற மலையின் உச்சிக்கே கொண்டு போனார். 4,300 மீட்டர் உயரம்! மலை உச்சியில் சோர்ந்துபோன இஞ்சின், டர்போவைப் பூட்டியதும் தரையில் காட்டிய அதே பலத்தைக் காட்டியது.

ஓசூர்க்காரர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் இருப்பதைவிட இங்கே காற்று நூற்றுக்குப் பத்துப் பங்கு லேசு. டர்போ இல்லாத காருக்கு அந்த அளவு பலம் இங்கே குறைந்துவிடும். டர்போ காருக்கு அந்தக் கவலை குறைவு.

ஓசூரிலேயே ஓர் அத்தாட்சி

"ஸ்பானர் எடுக்காமல் இஞ்சின் சக்தியை மாற்ற முடியுமா?" என்று கேட்கலாம். முடியும். அதற்கு அத்தாட்சி ஓசூரிலேயே இருக்கிறது.

ஓசூர் டிவிஎஸ் தொழிற்சாலையில் அப்பாச்சி ஆர்ஆர் 310 என்ற மோட்டார் சைக்கிள் தயாராகிறது. 2017 டிசம்பரில் வெளிவந்தபோது அதன் சக்தி 34 குதிரை. 2020-ல் அதற்கு நான்கு "மோடு"கள் கொடுத்தார்கள். மழைக்கு ஒன்று, ஊருக்குள் ஓட்ட ஒன்று, விளையாட்டு ஓட்டத்துக்கு ஒன்று, பந்தயத் திடலுக்கு ஒன்று. மழையிலும் ஊருக்குள்ளும் ஓட்டும்போது சக்தி சுமார் 26 குதிரைதான். மற்ற இரண்டிலும் முழு 34 குதிரை.

இஞ்சின் ஒன்றுதான். பிஸ்டனும் ஒன்றுதான். மாறுவது இஞ்சினுக்கு உத்தரவு போடும் மின்னணு மூளையின் கணக்கு மட்டும்! 2024-ல் இஞ்சினின் உள் பாகங்களையும் திருத்தினார்கள். சக்தி 38 குதிரையாக உயர்ந்தது. முதலில் கணக்கை மாற்றுவது, பிறகு பாகங்களை மாற்றுவது. கார் டியூனிங்கிலும் இதே வரிசைதான்.

முதல் படி: மூளைக்குப் புதுப் பாடம்

காரில் "இசியூ" என்று ஒரு பெட்டி இருக்கிறது. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், எப்போது ஸ்பார்க் பிளக்கில் பொறி வர வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதை எல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. முதல் படியில் இந்தப் பெட்டிக்குள் உள்ள கணக்கை மாற்றி எழுதுகிறார்கள். லேப்டாப்பை இணைத்தால் போதும். எந்த நட்டையும் கழற்ற வேண்டியதில்லை.

சிறிய டர்போ காரில் இதனால் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை சக்தி கூடும் என்று பட்டறைக்காரர்கள் சொல்கிறார்கள். டர்போ இல்லாத காரில் கூடுவது மிகக் கொஞ்சம். துருத்தி இருந்தால்தானே வேகமாக ஊத முடியும்?

அப்படியானால் கம்பெனிக்காரர்களே ஏன் அந்தச் சக்தியைக் கொடுக்கவில்லை? அவர்கள் விவரம் தெரியாதவர்களா? இல்லவே இல்லை! ஒரே கார் ராஜஸ்தான் வெயிலிலும் ஓட வேண்டும், இமயமலைக் குளிரிலும் ஓட வேண்டும். மட்டமான பெட்ரோல் போட்டாலும் ஓட வேண்டும். ஆயில் மாற்ற மறந்தவரிடமும் ஓட வேண்டும். அதற்காகக் கொஞ்சம் பலத்தைச் சேமித்து வைக்கிறார்கள். முதல் படியில் எடுத்துச் செலவு செய்வது அந்தச் சேமிப்பைத்தான்.

இரண்டாவது படி: மூச்சுக்கு வழி

ஓடுகிறவனுக்கு மூக்கடைப்பு இருந்தால் என்ன ஆகும்? இரண்டாவது படியில் இஞ்சினின் மூச்சு வழியை அகலப்படுத்துகிறார்கள். காற்று வடிகட்டி, காற்று போகும் குழாய், டர்போவில் இருந்து புகை வெளியேறும் குழாய் ஆகியவற்றை மாற்றுகிறார்கள். பெரிய "இன்டர்கூலர்" வைக்கிறார்கள்.

இன்டர்கூலர் என்பது காற்றைக் குளிரவைக்கும் கருவி. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் பம்பு சுடுகிறது அல்லவா? காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். குளிர்ந்தால்தான் அதிகக் காற்று உள்ளே போகும். பாகங்கள் மாறியபின் மூளைக்கு மறுபடியும் புதுக் கணக்கு எழுத வேண்டும்.

இங்கேதான் ஒரு தப்பு நடக்கிறது. புகைக் குழாயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற பெட்டி இருக்கிறது. புகையில் உள்ள நஞ்சைக் குறைப்பது அதன் வேலை. மூச்சு வழியை அகலப்படுத்துகிறோம் என்று சிலர் அதையே எடுத்துவிடுகிறார்கள். கிடைப்பது சில குதிரைகள். அதற்கு விலை கொடுப்பது பின்னால் வருகிறவர்களின் நுரையீரல்!

மூன்றாவது படி: இருதய மாற்று

மூன்றாவது படி பெரிய வேலை. டர்போவையே கழற்றிவிட்டுப் பெரியதை வைக்கிறார்கள். அதற்கு ஈடுகொடுக்கப் பெரிய பெட்ரோல் பம்பு, பெரிய இன்ஜெக்டர், உறுதியான பிஸ்டன், உறுதியான கனெக்டிங் ராடு, கனத்த கிளட்ச் எல்லாம் வேண்டும். செலவு லட்சக் கணக்கில் போகும். பல சமயம் காரின் விலைக்கே வந்து நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மூன்று படிகளுக்கு அரசு வகுத்த இலக்கணம் எதுவும் கிடையாது. ஒரு பட்டறையின் இரண்டாவது படி இன்னொரு பட்டறையின் முதல் படியாக இருக்கலாம். பெயரைக் கேட்டு மயங்காமல், என்ன மாற்றினார்கள் என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

எங்கே முறியும்?

சங்கிலியின் பலம் அதன் மெலிந்த கண்ணியில். போலோ ஜிடி டிஎஸ்ஐ காரின் இஞ்சின் கொடுக்கும் முறுக்கு விசை 175 நியூட்டன் மீட்டர். அதன் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி தாங்கக்கூடியது 250 என்று வகுத்திருக்கிறார்கள். முதல் படியிலேயே இஞ்சின் அந்த எல்லையை நெருங்கிவிடும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் இஞ்சின் சிரிக்கும், கியர் பெட்டி அழும்!

அடுத்த ஆபத்து "நாக்கிங்". பெட்ரோல் பொறி பட்ட இடத்தில் இருந்து சீராக எரிய வேண்டும். அழுத்தமும் சூடும் மிஞ்சினால் அது கண்ட இடத்தில் வெடிக்கும். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போன்ற அடி! இதைத் தாங்குவதற்குப் பெட்ரோலுக்கு "ஆக்டேன்" எண் வேண்டும். 91, 95, 100 என்று எண் கூடக் கூடத் தாங்கும் சக்தியும் கூடும். 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் எல்லா பங்குகளிலும் அது கிடைக்காது. உயர்ந்த பெட்ரோலுக்காகக் கணக்கு எழுதிய காரில், வழியில் கிடைத்த சாதாரணப் பெட்ரோலைப் போட்டால் இஞ்சின் தப்புவது கடினம்.

சக்தி கூடினால் ஆயுள் குறையும் என்பதற்குப் பந்தயக் கார்களே சாட்சி. 1977-ல் ரெனால்ட் கம்பெனி ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு டர்போ காரைக் கொண்டுவந்தது. அடிக்கடி புகை விட்டு நின்றது. "மஞ்சள் டீக்கெட்டில்" என்று எல்லோரும் கேலி செய்தார்கள். 1979-ல் அதே மஞ்சள் கார் பிரான்சு நாட்டுப் பந்தயத்தில் வென்று காட்டியது! 1980-களின் நடுவில் 1,500 சிசி டர்போ இஞ்சின்கள் ஆயிரம் குதிரைச் சக்தியைத் தாண்டின. ஆனால் தகுதிச் சுற்றுக்காக உச்ச சக்தியில் ஓட்டிய அந்த இஞ்சின்கள் சில சுற்றுகளுக்கு மேல் தாங்கவில்லை. பந்தயக் கம்பெனி மறுநாள் புது இஞ்சின் மாட்டும். மாதத் தவணை கட்டுகிறவர் என்ன செய்வார்?

முதலில் பிரேக்!

இங்கிலாந்தில் 1961-ல் மினி என்ற சின்னக் காருக்கு ஜான் கூப்பர் என்ற பந்தயக்கார் நிபுணர் புதுப் பலம் கொடுத்தார். 34 குதிரையாக இருந்த சக்தி 55 குதிரை ஆனது. பிறகு அந்த மினி கூப்பர் வகைக் கார் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ பந்தயத்தில் வென்றது. கூப்பர் செய்த இன்னொரு காரியத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சக்தியைக் கூட்டியபோதே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வைத்தார்!

ஏன்? ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 80 கிலோ மீட்டரில் போகும் கார். ஆபத்தைப் பார்த்து, ஒரு விநாடியில் பிரேக்கை மிதித்தால், நல்ல சாலையில் நல்ல டயருடன் நிற்க ஏறத்தாழ 57 மீட்டர் வேண்டும். வேகம் 120 ஆனால்? 112 மீட்டர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டு மடங்கு!

கிருஷ்ணகிரி - ஓசூர் சாலையில் சரக்கு லாரி திரும்பும். வேலை முடிந்து சைக்கிளில் வருகிறவர் குறுக்கே போவார். ஆடு மாடு வரும். அந்த மிச்சம் 55 மீட்டருக்குள் இருப்பது யார் என்று யாருக்குத் தெரியும்?

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றியது. தயாரித்த கம்பெனி குறித்த விவரங்களும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களும் மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று அது சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் அனுமதிக்காத மாற்றத்தைச் செய்யும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அபராதம் போனால் போகட்டும் என்று சிலர் நினைக்கலாம். இன்ஷூரன்ஸ்? மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால், விபத்து நடந்த பிறகு பணம் தர மறுக்கக் கம்பெனிக்கு இடம் ஏற்படும். உத்தரவாதமும் போய்விடும். மகன் ரகசியமாகச் செய்த மாற்றத்துக்கு, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ள தகப்பனார் பதில் சொல்ல வேண்டியிருக்கும்!

அப்படியானால் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியதுதானா? வேண்டாம். அதற்கென்று இடம் இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் திடல் உண்டு. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உண்டு. குறைந்த செலவில் நம் இளைஞர்கள் பந்தயம் பழக 1980-களில் ஃபார்முலா மாருதி காரை உருவாக்கிய கோவை கரிவர்தனின் பெயரால் அமைந்த திடல் அது. அங்கே எதிரே லாரி வராது. ஹெல்மெட் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. வேகத்தின் ருசியை அங்கே பார்க்கலாம்.

எல்லோருக்கும் ஏற்ற "பூஜ்யம் படி"

விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் முதல் படிக்கும் முன்னால் ஒரு படி சொல்வார்கள். அதுதான் பூஜ்யம் படி. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வது, ஸ்பார்க் பிளக்கைப் பார்ப்பது, டயரில் சரியான காற்று வைப்பது, பிரேக்கைச் சோதிப்பது. பழைய கார் பலவற்றில் இழந்த பலம் இதிலேயே திரும்பி வந்துவிடும். செலவு சில ஆயிரம். சட்டத் தொல்லை இல்லை.

இன்று பல குடும்பக் கார்களிலும் டர்போ இருக்கிறது. டீசல் கார் என்றால் அநேகமாக நிச்சயம் உண்டு. அவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை மூன்று. ஆயிலைக் குறித்த காலத்தில் மாற்றுங்கள். லட்சம் சுற்று சுற்றும் டர்போவுக்கு ஆயில்தான் உயிர். ஸ்டார்ட் செய்தவுடன் சீறிப் பாயாதீர்கள். நீண்ட மேடு ஏறி வந்து நிறுத்தும்போது, ஒரு நிமிடம் இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள்.

காலமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2021 முதல் ஓசூரில் ஏதர் கம்பெனி மின்சார ஸ்கூட்டர் செய்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா கம்பெனியின் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை எழுந்தது. அந்த வண்டிகளுக்குக் காற்றும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம், டர்போவும் வேண்டாம். ஒரு பொத்தானை அழுத்தினால் சக்தி கூடும், குறையும்.

ஆனால் பெட்ரோலில் ஓடினாலும் மின்சாரத்தில் ஓடினாலும், பிரேக் போட்டு நிற்க வேண்டிய தூரம் மட்டும் குறையப் போவதில்லை. இஞ்சினுக்குள் எத்தனை குதிரைகளை வேண்டுமானாலும் பூட்டலாம். கடிவாளம் ஓட்டுகிறவர் கையில் இருக்க வேண்டும். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு வேண்டியது கார் பத்து நிமிடம் முன்னால் வருவது அல்ல. பத்திரமாக வருவதுதான்!